மூன்று சாவி, எட்டுத் திருகாணி

பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறைக்கு அதுநாள்வரை ஒரு பூட்டுகூடக் கிடையாது. உள்ளே காற்றுப் போன இரண்டு பந்து, எலி கடித்த வலை, கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த வடக்கயிறு. இவற்றைத் திருடினால் திருடியவன் வீட்டில்தான் இடம் அடைபடும். வெள்ளம் வந்த இரண்டாம் நாள் அந்த அறைக்கு மூன்று பூட்டுகள் போட்டார்கள்.

ஆறு கரை உடைத்து சுங்கை தெராத்தாய் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் இடுப்பளவு தண்ணீர். ஐம்பத்தெட்டுக் குடும்பங்கள் மேட்டிலிருந்த தமிழ்ப்பள்ளிக்கு ஏறி வந்துவிட்டன. கூடவே பர்மாவிலிருந்து அகதியாக வந்த ஏழு ரோஹிங்கியாக் குடும்பங்கள், தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை ஆட்கள். எல்லாரும் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். கோல சிலாங்கூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் லோரியில் உதவிச் சாமான் வந்து இறங்கியது. அரிசி, ரொட்டி, வெங்காயம், போர்வை, சாடின் மீன் டின். இதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று ஒரு கூட்டமும் நடக்கவில்லை. எப்படிக் காப்பாற்றுவது என்று மூன்று கூட்டம் நடந்தது.

அதென்ன மூன்று பூட்டு என்று வெளியாள் கேட்கலாம். எட்டு வருடத்துக்கு முன்னால் மாரியம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் யாருக்குக் கட்டுவது என்று சண்டை வந்து கோயில் மூன்று கட்சியானது. அன்றிலிருந்து உண்டியலுக்கு மூன்று பூட்டு, கட்சிக்கு ஒரு சாவி. மூன்று பேரும் ஒன்றாக வந்தால்தான் அம்மனே தன் உண்டியலைப் பார்க்க முடியும். அந்த மூன்று பேர்தான் இப்போது நிவாரணக் குழுவும். உலகத்தில் பாதுகாப்பு என்று அவர்களுக்குத் தெரிந்தது உண்டியல் ஒன்றுதான். அரிசி மூட்டைக்கும் அதையே செய்தார்கள்.

ஒரு சாவி கோயில் தலைவர் மகேந்திரனிடம். செம்பனைப் பழ லோரிக் குத்தகைக்காரர், சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். இன்னொன்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியும் பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவருமான லிங்கேஸ்வரனிடம், சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில். மூன்றாவது இளைஞர் மன்றத்துக் குகனிடம். முப்பது வயதுக்காரன், செத்துப்போன அப்பாவிடமிருந்து சாவியையும் பகையையும் சேர்த்து வாங்கிக்கொண்டவன். வெள்ளம் வந்த மறுநாளே கறுப்புச் சட்டையில் 'செக்யூரிட்டி' என்று அச்சடித்துப் பத்துப் பையன்களுக்கு மாட்டிவிட்டான். மாற்றுத் துணியில்லாமல் ஈரப் பாவாடையோடு பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் காய்ந்த சட்டை போட்டிருந்தவர்கள் அந்தப் பத்துப் பேர்தான்.

மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இரண்டடி தள்ளி நின்றாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் செல்லன். நாற்பது வருடம் குலை அறுத்து, மேலேயே பார்த்துப் பார்த்துக் கழுத்து பின்பக்கம் மடங்கிப்போன மனிதர். அவரை அறைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு விசிலும் தடியும் கொடுத்திருந்தார்கள்.

"செல்லா, பூட்டப் பாத்துக்க" என்றார் மகேந்திரன்.

"செல்லன், பூட்டு பத்திரம்" என்றார் லிங்கேஸ்வரன்.

"அங்கிள், லாக் மூணும் உங்க பொறுப்பு, ஓக்கே?" என்றான் குகன்.

செல்லன் மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தலையாட்டினார்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு வீடியோ. குகனின் தொலைபேசிக்கு வந்தது. ஒரு லோரியைச் சுற்றி ஆயிரம் பேர், மேலே நிற்கிறவன் மூட்டையை வீசுகிறான், கீழே மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறுகிறார்கள். அடியில் 'நேற்று, சபாக்' என்று பக்கத்து ஊர்ப் பெயர் போட்டிருந்தது. குகன் அதை மண்டபத்தில் எல்லாருக்கும் காட்டினான்.

லயத்திலிருந்து தூக்கி வந்ததை வைத்துச் சமையலைப் பார்த்துக்கொண்ட அன்னம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "பின்னால மல தெரியுது. சபாக்குல ஏதுடா மல? எங்க அக்காவ அங்கதான் கட்டிக்குடுத்திருக்கு. வயலத் தவுர ஒரு மேடு கெடையாது."

"ஆன்ட்டி, மலையா முக்கியம்? செக்யூரிட்டி முக்கியம்லா."

பக்கத்தில் நின்ற நூருல்லா எட்டிப் பார்த்தான். ரோஹிங்கியா ஆட்களில் தமிழ் பேசுகிறவன் அவன். லோரியில் குலை ஏற்றி ஏற்றிக் கற்ற தமிழ், கெட்ட வார்த்தையில் தொடங்கி மெல்ல நல்ல வார்த்தைக்கு வந்தது. வீடியோவை முழுதும் பார்த்துவிட்டுச் சொன்னான். "இது சபாக் இல்ல. வங்காளதேசம். நான் இருந்த கேம்பு. அந்த மூங்கில் பாலம் பக்கத்துலதான் என் கொட்டாய்."

திரையிலிருந்த லோரியை விரலால் தொட்டுக் காட்டினான்.

"மேலேருந்து வீசுனா ஓடுவாங்க, அண்ணே. நாய்க்கு வீசுற மாதிரி வீசுனா நாய் மாதிரிதான் ஓடணும். இன்னொரு லோரி வரும், கையில குடுப்பாங்க. அங்க யாரும் ஓடல. அத யாரும் படம் எடுக்கல."

குகன் கையைத் தட்டினான். "கேட்டுக்கிட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான். அது அவங்க ஆளுங்கதான்."

அன்று சாயங்காலமே எல்லார் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை ஒட்டினார்கள். தோட்டத்துக்காரர்களுக்குப் பச்சை, ரோஹிங்கியாக்களுக்குச் சிவப்பு. அறைக் கதவில் பூட்டு மாட்டக் கொண்டி அடிக்க வேண்டும், ஆனால் தச்சு வேலை தெரிந்தவன் கூட்டத்தில் நூருல்லா ஒருவன்தான். யாருக்குப் பயந்து பூட்டோ அவனையே கூப்பிட்டு வந்து கொண்டி அடிக்கச் சொன்னார்கள். அவன் மூன்று கொண்டியையும் வரிசையாக அடித்து முடித்துவிட்டு, கதவின் இந்தப் பக்கத்தைக் காட்டினான்.

"கிராணி, கீல் வெளிப்பக்கம் இருக்கு. ரெண்டு கீல், எட்டுத் திருகாணி. அந்தப் பக்கம் மூணு பூட்டுப் போட்டு..."

"சொன்ன வேலையச் செய்யி" என்றார் லிங்கேஸ்வரன். "கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னு எங்களுக்குத் தெரியும்."

இனி துளசியின் விஷயம். செல்லனின் மகள். கோல சிலாங்கூரில் மதார் சாகிபுவின் உணவுக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். புருஷன் தீபன் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பாலம் மூழ்கி அங்கேயே மாட்டிக்கொண்டு, மணிக்கொரு தரம் கூப்பிட்டு அழுகிறான். துளசியின் கையில் ஐந்து மாதப் பிள்ளை. அவளுக்குத் தாய்ப்பால் நின்றுவிட்டது. பிள்ளைக்குப் பசும்பால் மாவு ஒத்துக்கொள்ளாது, சோயாவில் செய்த பால்மாவுதான். வெள்ளம் வந்த அன்று, டின்னில் கொஞ்சமே இருந்த சோயா மாவை மிச்சம்பிடிக்க, முகாமில் கிடைத்த சாதாரண மாவைக் கரைத்துக் கொடுத்தாள். விடிய விடியப் பேதி. பிள்ளை துவைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. படகில் வந்த தாதி பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி இந்தப் பாலக் குடுத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகவும் ரோடு இல்ல, பாத்துக்குங்க" என்று சொல்லிப் போனாள்.

துளசி முதலாளிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். மூன்றாம் நாள் மதார் சாகிபு உயரமான ஒரு நாலு சக்கர வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இருநூறு பொட்டலம் நெய்ச்சோறு, தனியாக ஒரு பையில் ஆறு டின் சோயா மாவு. மகள் நாதியா கிள்ளானில் நாலு மருந்துக்கடை ஏறி இறங்கி வாங்கியது. பையின்மேல் 'துளசி பிள்ளைக்கு' என்று எழுதியிருந்தது.

வாசலில் குகன் கையை நீட்டித் தடுத்தான். "பாய், நேரா குடுக்கக் கூடாது. எல்லாம் ஸ்டோருக்குப் போயிட்டுத்தான் வரணும். எஸ்ஓபி."

"எனக்கு எந்த எஸ்ஓபியும் தெரியாது தம்பி. அந்தா நிக்கிது பாரு என் கடைப் பொண்ணு. அது கையில குடுத்துட்டுப் போயிடறேன்."

"இன்னிக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. பசிக்கிறவன் கேக்காம நீயா கேப்ப?"

குகனின் பையன்கள் பையை வாங்கிக்கொண்டார்கள். துளசி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தடி தூரத்தில் நின்றாள். அவள் கண்முன்னாலேயே ஆறு டின்னும் அறைக்குள் போயின. முந்தின நாளிலிருந்து லோரிச் சாமான் வந்துகொண்டே இருந்ததால் மூவரும் அங்கேயே நின்றார்கள், கதவை அதுவரை பூட்டவே இல்லை. நெய்ச்சோற்றையும் உள்ளே வைத்தார்கள். பட்டியல் எழுதி முடித்த பிறகு கொடுப்பதாக ஏற்பாடு. கதவைச் சாத்தி, மூன்று பேரும் அவரவர் பூட்டைப் பூட்டி, அவரவர் பூட்டை இழுத்துப் பார்த்து, அடுத்தவர் பூட்டையும் இழுத்துப் பார்த்தார்கள்.

"சூடான சோறு தம்பி. சாயந்தரம் போனா ஊசிப் போயிடும்" என்றார் மதார் சாகிபு.

"பத்திரமா இருக்கும் பாய்."

"பத்திரமாத்தான் ஊசும்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். அவர் போன ஒரு மணி நேரத்தில் பாதை முழுசாக மூழ்கியது. சோற்றுப் பட்டியல் அன்று முடியவில்லை.

மறுநாள் காலையில் துளசியிடம் பழைய டின்னில் ஏழு கரண்டி மாவு இருந்தது. ஒரு வேளைக்கு நாலு போட வேண்டும். இரண்டு போட்டுக் கரைத்தாள். பிள்ளை குடித்துவிட்டு மீண்டும் கேட்டது.

முதலில் மகேந்திரனிடம் போனாள்.

"தாராளமா எடுத்துக்க அம்மாடி. என் சாவி இந்தா இருக்கு. அந்தக் கிராணி வரட்டும்."

லிங்கேஸ்வரனிடம் போனாள்.

"எனக்கென்ன, பச்சப் புள்ள விஷயம். அவரு மொதல்ல வந்து நிக்கட்டும். நான் போயி நின்னா, நான் தேடிப் போன மாதிரி ஆயிடும்."

குகன் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு பெருசும் வந்தா நான் ரெடி அக்கா."

துளசி மூன்று நடை நடந்தாள். நான்காவது நடையில் அழுதாள். மண்டபத்துப் பெண்கள் ஏசத் தொடங்கிய பிறகு, மாலை நாலு மணிக்கு மூவரும் ஒருவழியாகக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். செல்லன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"செல்லா" என்றார் மகேந்திரன், "நான்தான் மொதல்ல தொறப்பேன்னு சொல்லு. கோயில்ல அதான் வழக்கம்."

"இது கோயில் இல்லன்னு சொல்லு செல்லன். பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு நான்தான் தலைவரு" என்றார் லிங்கேஸ்வரன்.

"மேல் பூட்டு என்னுது" என்றான் குகன். "மேலேருந்துதான் தொறக்கணும். லாஜிக்."

செல்லன் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரவர் காதால் கேட்டதைத்தான் அவர் மறுபடி சொன்னார். துளசிக்குப் பொறுக்கவில்லை.

"யாரு மொதல்ல தொறந்தா என்னா? கடைசிப் பூட்டு தொறந்தாத்தானே கதவு தொறக்கும்? கடைசியாத் தொறக்குறவருதான் கதவத் தொறந்தவரு. மத்த ரெண்டும் சும்மா."

சண்டையை முடிக்கத்தான் அப்படிச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. மூன்று பேரும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். அதற்குப் பிறகு மூவருக்கும் கடைசியில் திறக்க வேண்டியதாகிவிட்டது. யாரும் முதல் சாவியை எடுக்கவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றார்கள். மழை பிடித்தது. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் லிங்கேஸ்வரன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தொகுதி மக்கள் பிரதிநிதி ஒய்.பி. நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார். மூன்று சாவியையும் தாம்பாளத்தில் மஞ்சள் துணி விரித்து வைத்து அவர் கையில் கொடுத்துவிடலாம். மூன்று பூட்டையும் அவரே திறக்கட்டும். யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. மகேந்திரன் சம்மதித்தார். குகன் அதற்குள் பானருக்குச் சொல்லிவிட்டிருந்தான்.

காலை எட்டு மணிக்கு ஒய்.பி.யின் ஆள் கூப்பிட்டார். பாதை சரியில்லை, வருகை நாளை மறுநாள்.

துளசியின் டின்னில் ஒரு கரண்டி இருந்தது. அதைச் சுரண்டிக் கரைத்தாள். தண்ணீருக்கு வெள்ளை நிறம் வந்ததே தவிரப் பால் வரவில்லை. பிள்ளை போத்தலை வாயில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. அழவில்லை. அதுதான் துளசிக்குப் பயமாக இருந்தது. நேற்றுவரை மண்டபமே அதிர அழுத பிள்ளை.

பிள்ளையை அன்னம்மா மடியில் போட்டுவிட்டு அறைக்கு வந்தாள். செல்லன் தடியை மடியில் வைத்துப் பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, ஒடச்சிரு."

"எப்படி அம்மாடி ஒடைக்கிறது? என்னைய நம்பி உக்கார வச்சிருக்காங்க."

"உன் பேரன்பா."

"தெரியும்." அவர் பூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாப்பது வருஷம் அறுத்தேன். ஒரு உதிரிப் பழம் எடுத்துட்டான்னு வேல வாங்குற மண்டோர் ஒருத்தன் சொன்னதில்ல. பூட்ட ஒடச்சா இந்த மூணு பேரும் என்னையத் திருடன்னு சாகற வரைக்கும் சொல்லுவாங்க. பூட்ட மட்டும் தொடச் சொல்லாத."

துளசி கதவைப் பார்த்தாள். பிறகு பூட்டில்லாத கீல் பக்கத்தைப் பார்த்தாள்.

நூருல்லா வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தான். நின்றான். இடுப்பில் செருகியிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக் வாசல் வடிகால் திட்டின்மேல் வைத்தான்.

"அக்கா, நான் இத இங்க வெச்சிட்டு மறந்துட்டேன்" என்றான். "தொட முடியாது அக்கா. நான் தொட்டா லாக்கப்பு, அப்புறம் எங்க அனுப்புவாங்கன்னு தெரியாது. நான் அடுப்படிக்குப் போறேன். அன்னம்மாக்கா பக்கத்துல உக்காந்து கருவாடு கழுவுறேன். எல்லாரும் பாக்கற எடத்துல."

போகும்போது திரும்பி ஒன்று சொன்னான். "மேல் கீல மொதல்ல கழட்டாதீங்க. கதவு காலுல விழும்."

குழுவினர் அப்போது மண்டபத்தில் ஒத்திகையில் இருந்தார்கள். நாளை மறுநாள் ஒய்.பி. எங்கே நிற்பார், தாம்பாளத்தை யார் பிடிப்பது, சாமான் வாங்குகிற கிழவி எந்தக் கணத்தில் கும்பிட வேண்டும் என்று. குகன் தானே ஒய்.பி.யாக நின்று எல்லார் கையையும் குலுக்கிக்கொண்டிருந்தான். பத்துச் செக்யூரிட்டிப் பையன்களும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பழகிக்கொண்டிருந்தார்கள். கூட்டமாக நடிக்க ஆள் போதவில்லை.

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. துளசி அடுப்படியிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து துணியில் நனைத்து ஒற்றினாள். குந்தி உட்கார்ந்து கீழ்க் கீலில் தொடங்கினாள். முதல் ஆணி கிறீச்சிட்டது. செல்லன் கழுத்தைத் திருப்பவில்லை. மூன்று பூட்டையும், ஏதோ அவை பறந்துவிடும் என்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா சத்தம் அது?"

"எலிப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "எலி எத்தன ஆணி கழட்டியிருக்கு?"

"ஆறு. இன்னும் ரெண்டு."

"பூட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பூட்டு அப்படியே இருக்கு."

"அப்ப சரி" என்றார் செல்லன்.

எட்டாவது ஆணி வந்ததும் கதவு கீல் பக்கம் வாயைத் திறந்தது. கீழே விழவில்லை. மூன்று பூட்டும் மூன்று கொண்டியும் அந்தப் பக்கத்தில் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டன. அதுவரை பூட்டு வேலை பார்த்த மூன்றும் அந்த நிமிஷத்திலிருந்து கீல் வேலை பார்த்தன. துளசி ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். நுழைந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கூரைத் தகரத்தில் ஓட்டை. அந்த அறையில் மழைநாளில் பந்து நனைந்தால் யாரும் கேட்பதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் மழை அரிசி மூட்டைகளின்மேல் இறங்கியிருந்தது. மூட்டை ஊறி உப்பிப் புளித்த வாடை. ரொட்டி முழுக்கப் பச்சைப் பூசணம். வெங்காயம் விரல் நீளத்துக்கு முளைவிட்டிருந்தது. இருநூறு பொட்டலம் நெய்ச்சோறு, மதார் சாகிபு சொன்னபடியே, பத்திரமாக ஊசிக் கிடந்தது. ஒன்றுகூடத் திருட்டுப் போகவில்லை. அந்தத் தோட்டத்தில் இத்தனை வெற்றிகரமாக நடந்த பாதுகாப்பு வேறு இல்லை.

டின்னில் அடைத்தது மட்டும் தப்பியிருந்தது. சாடின், அதற்குப் பின்னால் ஆறு டின் சோயா மாவு. 'துளசி பிள்ளைக்கு' என்ற எழுத்து மழையில் கரைந்து ஒழுகியிருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அன்னம்மா வெந்நீர் தயாராக வைத்திருந்தாள். நாலு கரண்டி. தலை தட்டாமல், கூம்பாக நாலு கரண்டி. பிள்ளை முதல் வாயில் கண்ணைத் திறந்தது, இரண்டாவது வாயில் போத்தலைக் கையால் பிடித்தது.

வாடைதான் குழுவைக் கூட்டிவந்தது. கதவு வாய் திறந்ததும் காற்று மண்டபத்துப் பக்கம் வீசியது. முதலில் வந்தவன் குகன். கதவைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், மறுபடி கதவைப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்! செவப்புப் பட்டைதான்! அந்த நூருல்லாதான் கொண்டி அடிச்சான், அவனுக்குத்தான் தெரியும்!"

"ஆமா குகன், நீ சொல்றது சரிதான்" என்றார் மகேந்திரன்.

"தலைவரே, இப்பவே போலீஸ்ல ரிப்போட் பண்ணிடுவோம்" என்றார் லிங்கேஸ்வரன்.

செல்லன் வாயைப் பிளந்து மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு வருடத்தில் முதல்முறையாக மூன்று பேரும் அவர் இல்லாமல் நேராகப் பேசிக்கொண்டார்கள்.

நாலு பையன்கள் அடுப்படிக்கு ஓடி நூருல்லாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் கையில் கருவாட்டு வாடை. கூடவே கரண்டியோடு அன்னம்மா. "காலையிலேருந்து என் பக்கத்துல உக்காந்திருக்கான். இவன் கழுவுன கருவாட்ட எண்ணிக் காட்டவா, இல்ல ஒன் மூஞ்சில தேய்க்கவா?"

அவளுக்குப் பின்னால் துளசி. தோளில் பிள்ளை, வாயில் போத்தல். வலது கையை விரித்துக் காட்டினாள். எண்ணெயும் துருவுமாக எட்டுத் திருகாணி.

"நான்தான் கழட்டுனேன். அவர விடுங்க."

பையன்கள் நூருல்லாவை விட்டார்கள்.

லிங்கேஸ்வரன் சுதாரித்துக்கொண்டு செல்லனிடம் திரும்பினார். "நீ என்னய்யா பண்ணிக்கிட்டிருந்த? உன்னையக் காவலுக்குத்தானே வச்சோம்?"

"பூட்டப் பாத்துக்கன்னு சொன்னீங்க கிராணி" என்றார் செல்லன். "மூணு பேருமே பூட்டத்தான் சொன்னீங்க. கண்ணு கொட்டாமப் பாத்தேன். பூட்டு மூணும் அந்தா இருக்கு. இழுத்துப் பாருங்க."

குகன் பழக்க தோஷத்தில் இழுத்தே பார்த்தான். பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது.

"ரிப்போட் பண்ணுங்க" என்றார் செல்லன் தொடர்ந்து. இவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "நானும் சாட்சிக்கு வர்றேன். உள்ள என்னா இருந்துச்சு, எத்தன நாளா இருந்துச்சு, எந்த நெலமையில இருக்குன்னு போலீசு கேக்குமில்ல? எல்லாத்தையும் சொல்லிடுவோம். வேணும்னா வீடியோ எடுத்துக்குங்க தம்பி. கீழ சபாக்குன்னு போட்டுக்குங்க."

மகேந்திரன் அறைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். வெளியே எடுத்தபோது முகம் வேறாக இருந்தது. "ரிப்போட் எதுக்கு? நம்ம புள்ளதானே" என்றார். மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். பிறகு மூவரும் அவசர ஆலோசனைக்கு ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்னம்மா காத்திருக்கவில்லை. "கெட்டது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம்" என்று சத்தம் போட்டாள். குலை ஏற்றுகிறவர்கள் லோரிக்கு வரிசை நிற்பதுபோல் ஆட்கள் அறையிலிருந்து மண்டபம்வரை நின்றார்கள். சாடின் டின் கைமாறி வந்தது. ஈரப் போர்வை கைமாறி வந்து கொடியில் ஏறியது. யாரும் ஓடவில்லை, யாரும் யார்மேலும் ஏறவில்லை. செல்லன் விசிலை வாயில் வைத்தபடி நின்றார், ஊதத் தேவை வரவில்லை. நூருல்லா மட்டும் வரிசைக்குள் வரவில்லை. கூப்பிட்டதற்கு, "வேணாம் அக்கா, என் கை அதுல படக் கூடாது" என்று தூரத்திலேயே உட்கார்ந்துகொண்டான். ஏழு வீட்டுப் பங்கையும் அன்னம்மாதான் தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தாள். செக்யூரிட்டிச் சட்டை போட்ட இரண்டு பையன்கள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் ஆலோசனை முடிந்தது. கீல் பக்கத்துக்கும் ஒரு பூட்டுப் போடுவதென்று முடிவு. நான்காவது சாவி யாரிடம் என்பதுதான் இழுபறி. அதைவிட அவசரம் ஒன்று இருந்தது. ஒய்.பி. வரும்போது கதவு கதவாக நிற்க வேண்டும். நூருல்லாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"மாட்டித் தர்றேன்" என்றான் அவன். "பழைய திருகாணி வேணும். வேற திருகாணி வாங்கக் கடைக்குப் போக ரோடு இல்ல."

செல்லனைத் துளசியிடம் அனுப்பினார்கள். அவள் காலியான பழைய பால் டின்னில் எட்டையும் போட்டு மூடித் தலைமாட்டில் வைத்திருந்தாள். பிள்ளை வயிறு நிறைந்து, வாயோரத்தில் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தது.

"திருகாணி கேக்குறாங்க அம்மாடி."

"யாரு?"

"மூணு பேரும்."

"தர்றேன்பா" என்றாள் துளசி, பிள்ளையின் வாயைத் துடைத்தபடி. "மூணு பேரும் ஒண்ணா வந்து கேக்கச் சொல்லு."

செல்லன் போய்ச் சொன்னார். ஒய்.பி. வருகிற வரைக்கும் கதவு மூன்று பூட்டையும் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தே நின்றது. யார் முதலில் கேட்பது என்று இன்னும் முடிவாகவில்லை.